தொங்கிய சட்டியும் தோளில் சுமந்த நற்செய்தியும்

நம் நாட்டில் சமையல் என்றாலே அடுப்புதான் நினைவுக்கு வரும். மூன்று கற்களைக் கூட்டி, அவற்றின்மேல் பானையை ஏற்றி உலை வைப்பது நம் முன்னோர் கண்ட முறை. நம் வீடுகளிலும் கலயங்களைத் தொங்கவிட்டதுண்டு. ஆனால் அது உறியில், பூனைக்கும் எறும்புக்கும் எட்டாதபடி மோரையும் நெய்யையும் காப்பதற்காக. நெருப்புக்கு நேர்மேலே கலத்தைத் தொங்கவிட்டுச் சமைப்பது நமக்குப் பழக்கமில்லாத செய்தி. ஆயினும் உலகின் வேறொரு மூலையில், பதினேழாம் நூற்றாண்டின் கனடா நாட்டுக் காடுகளில், அவ்வாறு தொங்கிய ஒரு செப்புச் சட்டியைச் சுற்றியே ஓர் இளந்திருச்சபையின் வரலாறு எழுதப்பட்டது. அச்சட்டியில் கஞ்சியும் கொதித்தது, நட்பும் கொதித்தது. இறுதியில் மறைசாட்சியரின் துன்பமும் கொதித்தது. அதன் வரலாறு நமக்கும் உரியது என்பதால் சற்று விரிவாகவே காண்போம்.

கல்லைச் சுட்டுச் சமைத்த காலம்

ஐரோப்பியர் வருவதற்கு முன் அந்நிலத்து மக்களிடம் உலோகச் சமையற்கலம் இல்லை. கிழக்குக் கடற்கரையில் வாழ்ந்த மிக்மாக் மக்கள் பெரிய அடிமரம் ஒன்றை நெருப்பிட்டுக் கரித்து, கரிந்ததைச் சுரண்டிச் சுரண்டிக் குழித்து, தொட்டி போன்ற மரக்கலம் செய்தனர். அதை நெருப்பின்மேல் வைக்க இயலாதல்லவா? ஆகவே கற்களை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, ஒன்றன்பின் ஒன்றாய்த் தண்ணீரில் இட்டனர். கல்லின் வெம்மையால் நீர் கொதித்தது, இறைச்சி வெந்தது. அங்கே நெருப்புக் கலத்தைச் சென்று தொடவில்லை; நெருப்பைக் கல்லில் ஏற்றிக் கலத்திற்குள் கொண்டுவந்தார்கள்.

அம்மக்களிடையே நெடுங்காலம் வணிகம் செய்த நிக்கோலா தெனி என்ற பிரெஞ்சுக்காரர் 1672-இல் வெளியிட்ட நூலில் ஓர் அரிய உண்மையைப் பதிவு செய்துள்ளார். மரக்கலத்தைத் தூக்கிச் செல்ல முடியாது. எனவே அது எங்கே கிடந்ததோ அங்கேயே மக்கள் தங்க வேண்டியிருந்தது. செப்புச் சட்டி கைக்கு வந்தபின்தான் விரும்பிய இடத்திற்கெல்லாம் பாளையம் பெயர்க்க அவர்களால் முடிந்தது. ஐரோப்பியரிடமிருந்து பெறும் பொருள்களுள் அதையே அவர்கள் விலைமதிப்பு மிக்கதாகக் கருதினார்கள் என்கிறார் அவர். ஒரு சமையற்கலம் ஒரு மக்களினத்தின் வாழ்விடத்தையே மாற்றியது!

உள்நாட்டில், ஒன்டாரியோவின் பெரிய ஏரிகளுக்கு அருகே வாழ்ந்தவர்கள் வென்டாட் மக்கள். பிரெஞ்சுக்காரர் அவர்களை ஹூரோன்கள் என்றழைத்தனர். அவர்கள் சோளமும் அவரையும் பூசணியும் பயிரிட்ட உழவர்கள். அவர்களின் பெண்கள் மண்ணால் அழகிய பானைகளை வனைந்தனர். 1623-24-இல் அவர்களிடையே தங்கிய பிரான்சிஸ்கு சபைத் துறவி காபிரியேல் சகார், அப்பானைகள் நெருப்பை நன்றாகத் தாங்கினாலும் ஈரத்தையும் குளிர்ந்த நீரையும் நெடுநாள் தாங்குவதில்லை என்று எழுதினார். இந்நிலையில், உடையாத, இலேசான, தொங்கவிடத் தக்க ஒரு கலம் வந்தால் அதை யார்தான் வேண்டாமென்பர்?

செப்புச் சட்டியின் வருகை

பதினாறாம் நூற்றாண்டில் திமிங்கில வேட்டைக்காக லாபிரதார் கரைக்கு வந்த பாஸ்கு மாலுமிகளும் பின்னர் வந்த பிரெஞ்சு வணிகரும் செப்புச் சட்டிகளைக் கொணர்ந்தனர். தகட்டை அடித்துச் செய்த கலம் அது. விளிம்பில் எதிரெதிராக இரண்டு காதுகள். அவற்றில் மாட்டிய வளைந்த இரும்புக் கைப்பிடி. நம் ஊர்த் தூக்குச்சட்டியைச் சற்றுப் பெரிதாக எண்ணிக்கொண்டால் அதன் தோற்றம் விளங்கும்.

அந்தக் கைப்பிடியில்தான் அதன் பயன் முழுவதும் இருந்தது. மாலையில் படகைக் கரையேற்றியவுடன் கவைக்கம்பு இரண்டை நட்டு, குறுக்கே ஒரு தடியிட்டு, அதில் சட்டியை மாட்டலாம். அல்லது மூன்று கழிகளின் தலைகளைச் சேர்த்துக் கட்டி நடுவே தொங்கவிடலாம். அதுவும் இல்லையென்றால் நீண்ட கழி ஒன்றைச் சாய்வாக ஊன்றி, அடியில் கல்லை வைத்து அழுத்தி, அதன் நுனியில் மாட்டலாம். நம் அடுப்பில் தீயைத் தணிக்க விறகை வெளியே இழுக்கிறோம். அங்கோ விறகைத் தொடாமல் சட்டியை ஏற்றியும் இறக்கியும் வெம்மையை அளந்தனர். வெட்டுகள் இட்ட கொக்கித் தடி ஒன்று இதற்குப் போதும். பனி உறைந்த நிலத்திலும் ஈர மண்ணிலும் கல் தேடி அடுப்புக் கூட்ட வேண்டிய தேவையில்லை. பிரான்சு நாட்டு வீடுகளிலும் கணப்பின் மேலே இத்தகைய கொக்கி தொங்கியது. இன்றும் பிரெஞ்சு மொழியில் புதுமனை புகுவிழாவைக் குறிக்க, சட்டிக் கொக்கியைத் தொங்கவிடுதல் என்று பொருள்படும் தொடரையே வழங்குகின்றனர். நாம் பால் காய்ச்சுவதைச் சொல்வதுபோல!

ஆனால் சட்டி இலவசமாக வரவில்லை. ஐரோப்பியச் சீமான்களின் தொப்பிகளுக்கு வேண்டிய பீவர் என்னும் நீர்வாழ் விலங்கின் தோலே அதன் விலை. இயேசு சபைக் குரு பவுல் லெ ஜென் 1634-ஆம் ஆண்டு அறிக்கையில், இன்னு இனத்தவர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னதை எழுதியுள்ளார். பீவர் எல்லாவற்றையும் செய்துவிடுகிறது. சட்டியையும் கோடரியையும் கத்தியையும் ரொட்டியையும் அதுவே உண்டாக்குகிறது என்றாராம் அவர். கேலியாகத் தோன்றினாலும் அச்சிரிப்பில் பின்னர் வரப்போகும் துயரத்தின் விதை இருந்தது. பீவர் குறையக் குறைய, வேட்டை நிலத்திற்கான போர் மிகுந்தது. பானை வனைந்த பெண்களின் கைத்திறனும் நாளடைவில் தேய்ந்து மறைந்தது.

ஒரே சட்டியில் உண்ட குரவர்

அக்காலத்தில் அங்குச் சென்ற இயேசு சபையினர் ஆண்டுதோறும் எழுதிய அறிக்கைகள் 1632 முதல் 1673 வரை பாரிசில் அச்சாயின. அவற்றைப் படிப்போர் மறைப்பணியின் முதல் சோதனை மறையுரையில் அல்ல, உணவில்தான் என்பதைக் காண்பர். லெ ஜென் அடிகள் 1633-34 குளிர்காலத்தை இன்னு வேட்டைக்காரரோடு காட்டில் கழித்தார். குடிலின் நடுவே நெருப்பு, அதன்மேல் சட்டி, சுற்றிலும் மனிதரும் நாய்களும். புகை மண்டும்போது தரையோடு வாயை வைத்துப் படுத்துத்தான் மூச்சுவிட முடிந்தது. கண்ணீர் வழியும் கண்களோடு அவர் திருப்புகழ்மாலை செபித்தார். குளிர், வெப்பம், புகை, நாய்கள் என்னும் நான்கையும் தம் பெருந்துன்பங்களாக அவர் குறிப்பிட்டார்.

வென்டாட் நாட்டின் திருத்தூதர் எனப் போற்றப்படுபவர் புனித யோவான் தெ பிரெபெஃப். 1593-இல் பிரான்சின் நார்மண்டியில் பிறந்து, 1625-இல் கியூபெக் வந்தவர். நெடிய உருவம் கொண்டவர். அவரது குடும்பப் பெயரில் எருது எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல் ஒலிப்பதால், தாம் சுமை தூக்கத் தகுந்த எருதுதான் என்று வேடிக்கையாகக் கூறுவாராம். 1634-இல் அவர் வென்டாட் மக்களோடு படகில் மேற்கொண்ட பயணம் ஏறத்தாழ ஒரு மாதம் நீடித்தது. அருவிகளும் பாறைகளும் குறுக்கிட்ட இடங்களில் படகையும் பொருள்களையும் தோளில் தூக்கிச் செல்ல வேண்டும். 35 முறை தூக்கியதாகவும், குறைந்தது 50 முறை படகை நீரில் இழுத்துச் சென்றதாகவும் அவரே கணக்கெழுதினார். உணவோ, இரு கற்களுக்கிடையே நொறுக்கிய சோளத்தைத் தண்ணீரில் கொதிக்கவைத்த கஞ்சி, உப்பும் இல்லை.

இந்தப் பட்டறிவிலிருந்து 1637-இல் அவர் எழுதிய அறிவுரைகள், வென்டாட் நாட்டிற்கு வரவிருந்த இளங்குருக்களுக்கானவை. அவற்றில் இறையியல் நுட்பம் எதுவும் இல்லை. அம்மக்களை உள்ளன்போடு நேசியுங்கள். படகேறும்போது அவர்களைக் காத்திருக்க வைக்காதீர்கள். மாலையில் பாளையமிறங்கும்போது அவர்களுக்கு உதவ நெருப்பு மூட்டும் கருவியை உடன் வைத்திருங்கள். அவர்கள் தரும் கஞ்சி அழுக்காகவும் அரைவேக்காடாகவும் சுவையற்றும் இருந்தாலும் அப்படியே உண்ணுங்கள் என்று கூறுகிறார். பின்னர் ஒரு சிறிய குறிப்பு. பாறைவழிகளில் உங்கள் வலிமைக்கேற்ப எதையேனும் சுமந்து செல்லுங்கள். எவ்வளவு சிறிதாயினும் அது அவர்களை மகிழ்விக்கும். ஒரு சட்டியாயினும் சரியே என்கிறார்.

ஒரு சட்டியாயினும் சரி! இச்சொற்களை ஆழ்ந்து எண்ணிப் பார்க்க வேண்டும். சோர்போன் பல்கலைக்கழகத்தை அறிந்த நாட்டின் குருவானவர், தம் புலமையைக் காட்டுமாறு இளையோருக்குச் சொல்லவில்லை. மாலையில் எந்தச் சட்டி நெருப்பின்மேல் தொங்குமோ, எதிலிருந்து அனைவரும் உண்பார்களோ, அதைப் பகலில் தூக்கிச் செல் என்கிறார். ஆண்டவர் எழுபத்திரண்டு சீடரை அனுப்பியபோது, வரவேற்கும் ஊரில் முன்வைக்கப்படுவதை உண்ணுமாறு கட்டளையிட்டதை லூக்கா நற்செய்தியில் காண்கிறோம். அக்கட்டளைக்குக் கனடாக் காடுகளில் எழுதப்பட்ட உரை இது எனலாம்.

சட்டி என்னும் பெருவிழா

வென்டாட் மக்களின் வாழ்வில் சட்டி உணவுக் கலமாக மட்டும் நிற்கவில்லை. ஏறத்தாழப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அவர்கள் தங்கள் இறந்தோரின் எலும்புகளைத் தோண்டியெடுத்து, தூய்மைப்படுத்தி, பல ஊராரும் கூடி ஒரே பெருங்குழியில் அடக்கம் செய்தனர். உயிரோடிருந்தபோது ஒரே சட்டியில் உண்டவர்கள் இறந்தபின்னும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பது போன்றதொரு விழா அது. பெரியோர்கள் இவ்விழாவைச் சட்டி என்ற பெயராலேயே குறித்தனர் என்று பிரெபெஃப் எழுதுகிறார். விழாவை விரைவுபடுத்த வேண்டுமானால் சட்டிக்கு அடியில் தீயைத் தூண்ட வேண்டும் என்பார்கள். விழா நடவாதென்றால் சட்டி கவிழ்ந்துவிட்டது என்பார்கள்.

1636-இல் ஓசோசானே என்ற ஊரில் நடந்த விழாவை அவர் நேரில் கண்டார். பீவர் தோலாடைகளை விரித்த குழியின் நடுவே மூன்று பெரிய சட்டிகளை வைத்தார்கள். ஒன்றில் ஓட்டை, மற்றொன்றுக்குக் கைப்பிடி இல்லை, மூன்றாவதும் ஏறக்குறைய அவ்வாறே. இவை ஆன்மாக்களுக்குத்தான் பயன்படும் என்று அடிகளார் மெல்லிய நகைப்போடு எழுதினார். ஆயினும் அவர் அவ்விழாவை இகழவில்லை. இறந்தோரிடம் அம்மக்கள் காட்டிய அன்பைக் கண்டு நெகிழ்ந்தார். தெனி கூறும் ஒரு நிகழ்ச்சியையும் இங்கே ஒப்பிடலாம். கல்லறையில் வைத்த பொருள்கள் அங்கேயே மக்கிக் கிடப்பதைக் காட்டி மிக்மாக் மக்களைத் திருத்த முயன்றபோது, ஒருவர் அங்கிருந்த சட்டியைத் தட்டிப் பார்த்து, இது இப்போது ஒலிக்கவில்லை, இதன் ஆவி இறந்தவரோடு போய்விட்டது என்று விடையிறுத்தாராம்.

ஓசோசானே குழியை 1947-48-இல் அகழ்ந்த தொல்லியலார் எலும்புகளை அருங்காட்சியகத்திற்குக் கொண்டுசென்றனர். 1999-இல் வென்டாட் வழித்தோன்றல்கள் ஒன்றுகூடி, தங்கள் முன்னோரை மீண்டும் அதே மண்ணில் அடக்கம் செய்தனர். கவிழ்ந்த சட்டி நிமிர்த்தி வைக்கப்பட்டது என்று சொல்லத் தோன்றுகிறது.

நோயும் ஐயமும்

வணிகப் பாதையிலேயே நோயும் வந்தது. 1634 முதல் 1640 வரை கொள்ளைநோய்கள் அலையலையாய் வீசின. இறுதியாக வந்தது பெரியம்மை. இருபதாயிரத்திற்கும் மேலாக இருந்த வென்டாட் மக்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தனர். குருக்கள் நோயுற்றோரைப் பார்க்கச் சென்றனர். சாகும் தறுவாயிலிருந்த குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்தனர். குருக்கள் தொட்ட குழந்தைகள் இறந்ததைக் கண்ட பெற்றோர் அவர்களைச் சூனியக்காரர் என்று அஞ்சியதில் வியப்பில்லை. அண்டை இனத்தவருள் சிலர், பிரெஞ்சுக்காரரின் சட்டிகளை இனித் தொடவே மாட்டோம் என்றனர். அவர்களிடமிருந்து வரும் எப்பொருளும் நோயைக் கொணரும் என்பது அவர்களின் எண்ணம். நோய்க்கிருமிகளைப் பற்றி எவரும் அறியாத காலத்தில் அவர்கள் கொண்ட அந்த ஐயம் முற்றிலும் பேதைமை அன்று. சட்டியில் நோய் இல்லாவிடினும், சட்டி வந்த வழியேதான் நோயும் வந்தது. அன்போடு வந்த குருக்கள் தாம் அறியாமலே சாவையும் உடன் கொணர்ந்திருக்கக்கூடும் என்பது இவ்வரலாற்றின் மிகக் கசப்பான பகுதி. அதை மறைத்து எழுதுவது புனிதர்களுக்கும் பெருமையன்று.

1637 அக்டோபரில் குருக்களைக் கொல்ல வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. அப்போது பிரெபெஃப் செய்தது என்ன? சாவை எதிர்நோக்கும் வென்டாட் மனிதன் உற்றாரை அழைத்து விடைபெறும் விருந்து வைப்பது அவர்கள் வழக்கம். அந்த விருந்தை அவரும் வைத்தார். தீ மூட்டி, சட்டியேற்றி, தம்மைக் கொல்ல எண்ணியவர்களையும் உண்ண அழைத்தார். வந்தவர்கள் மௌனமாய் உண்டார்கள். அவர் மறுவாழ்வைப் பற்றிப் பேசினார். அந்த முறை அவர்கள் கொல்லப்படவில்லை.

1649

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் அந்த நாள் வந்தது. டச்சுக்காரரிடமிருந்து துப்பாக்கிகளைப் பெற்றிருந்த இரோக்குவா இனத்தவர் வென்டாட் ஊர்களைத் தாக்கினர். தப்பிச் செல்லுமாறு மக்கள் வேண்டியும் பிரெபெஃப் அடிகளும் கபிரியேல் லலமாந்து அடிகளும் அவர்களைவிட்டு அகலவில்லை. பிடிபட்ட பிரெபெஃப் 1649 மார்ச் 16 அன்றும், லலமாந்து மறுநாளும் உயிர் துறந்தனர். அவர்களை வதைத்தோருள் இரோக்குவாவோடு சேர்ந்துவிட்ட முன்னாள் வென்டாட் மக்களும் இருந்தனர். அவர்கள் திருமுழுக்கைக் கேலி செய்து, கொதிக்கும் நீரைக் குருக்களின் தலையில் ஊற்றினர். கஞ்சி காய்ச்சிய நெருப்பே அந்த நீரையும் கொதிக்க வைத்தது. பிரெபெஃப் வாய் திறந்து அலறவில்லை. உடன் துன்புற்ற கிறிஸ்தவர்களைத் தேற்றிக்கொண்டே இறந்தார்.

அக்குளிர்காலத்தில் தீவொன்றில் அடைக்கலம் புகுந்த வென்டாட் மக்கள் ஓக் மரக் கொட்டைகளையும் வேர்களையும் வேகவைத்துத் தின்னும் நிலைக்கு வந்தனர். பஞ்சத்தில் எண்ணற்றோர் மாண்டனர். 1650-இல் ஏறத்தாழ 300 பேர் குருக்களோடு கியூபெக் சென்றனர். அவர்களின் வழிவந்தோர் இன்றும் அந்நகருக்கு அருகே வென்டேக் என்ற ஊரில் வாழ்கின்றனர். பிரெபெஃப், லலமாந்து, ஈசாக்கு ஜோகு உள்ளிட்ட எட்டு மறைசாட்சியருக்கு 1930-இல் திருத்தந்தை 11-ஆம் பத்திநாதர் புனிதர் பட்டம் அளித்தார்.

நமக்குரிய பாடம்

பிரெபெஃப் வழங்கிய அறிவுரையைப் பிற்காலத்தவர் காத்தார்களா? இல்லை என்பதை வரலாறு வேதனையோடு சொல்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் கனடா அரசு ஏற்படுத்திய உறைவிடப் பள்ளிகளில் 1,50,000-க்கும் மேற்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகள் சேர்க்கப்பட்டனர். அவற்றுள் பெரும்பகுதியைக் கத்தோலிக்க அமைப்புகள் நடத்தின. தாயின் மொழியும், குடும்பத்தின் நெருப்பும், அதன்மேல் தொங்கிய சட்டியும் பிள்ளைகளிடமிருந்து பறிக்கப்பட்டன. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2022 ஜூலை 25 அன்று மாஸ்குவாசிஸ் என்ற இடத்தில் அம்மக்கள் முன் நின்று, கிறிஸ்தவர் பலர் இழைத்த தீமைக்காக மன்னிப்புக் கேட்டார். முதல் மறைப்பணியாளர் அம்மக்களின் சட்டியைச் சுமந்தனர். பின்வந்தோர் அச்சட்டியிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்தனர். இரண்டுமே திருச்சபையின் பெயரால் நடந்தவை. இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவே நாம் சிந்திக்க வேண்டியது.

அதே இயேசு சபையின் அருள்தந்தை இராபர்ட் தெ நொபிலி 1606-இல் மதுரைக்கு வந்து புலாலை விட்டொழித்து நம்மவர் உணவை உண்டார் என்பதை நாம் பெருமையோடு பேசுகிறோம். அப்பெருமை தகுந்ததே. ஆனால் இங்கே நிலைத்திருந்த சாதிமுறையில் எல்லாருக்கும் ஒரே பானை இல்லை. உயர்ந்தோர் எனப்பட்டவர் நடுவே பணிபுரிய ஒரு வகைக் குருக்கள். மற்றவர் நடுவே பணிபுரிய 1640 முதல் பண்டாரசாமிகள் என்று வேறொரு வகை. எந்தப் பானையில் உண்பது என்ற கேள்வி இங்கே யாரோடு உண்பதில்லை என்ற கேள்வியாகவும் ஆகிவிட்டது. அதன் நிழல் நம் பங்குகளிலிருந்து முற்றிலும் நீங்கிவிட்டது என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல நம்மால் முடியுமா?

நம் பங்குத் திருவிழாக்களில் அசனம் வைக்கிறோம். பெரிய அண்டாக்களில் சோறு வேகிறது, ஆயிரக்கணக்கானோர் உண்கின்றனர். அது நல்ல வழக்கம். ஆனால் அண்டாவைக் கழுவுவோர் யார், சுமப்போர் யார், முதற்பந்தியில் அமர்வோர் யார் என்று பார்த்தால் நற்கருணையைப் பற்றி நாம் எவ்வளவு கற்றிருக்கிறோம் என்பது தெரியவரும். ஒரே அப்பத்தில் பங்குகொள்வோர் ஒரே சட்டியில் பங்குகொள்ளத் தயங்கினால், எங்கோ நாம் வழி தவறியிருக்கிறோம்.

வேற்று மண்ணில் பணிபுரியச் செல்லும் குருக்களும் துறவியரும் இன்று தமிழகத்திலிருந்து பலர் உண்டு. பிறந்த ஊரிலேயே வேற்றுச் சேரிக்குள் நுழையவும் தயங்கும் பொதுநிலையினரும் உண்டு. இரு சாராருக்கும் கனடாக் காட்டின் அந்தப் பெரிய எருது விட்டுச் சென்ற அறிவுரை ஒன்றே. பேசுவதற்கு முன் அவர்களோடு உண்ணுங்கள். உண்பதற்கு முன் அவர்கள் சுமையில் ஒரு பங்கைச் சுமந்து செல்லுங்கள். எவ்வளவு சிறிதாயினும் அது அவர்களை மகிழ்விக்கும்.